பெயரை அழித்தவர்களும் பெயரைக் காத்தவர்களும்
நூலுரிமை குறித்து இஸ்லாமிய அறிவு மரபு

நூலாசிரியர் உரிமை என்னும் எண்ணம் மேலை நாடுகளில் அச்சு இயந்திரத்தோடு பிறந்தது என்பதே பரவலாக நிலவும் கருத்து. 1710இல் இங்கிலாந்தில் ஆன் அரசியார் காலத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம் புதிய நூல்களின் ஆசிரியர்களுக்கு 14 ஆண்டுக்கால உரிமையை வழங்கியது. இன்றைய பதிப்புரிமைச் சட்டங்களின் தாய் அதுவே என்பர். சட்ட வரலாறு என்ற அளவில் இக்கூற்றில் பிழையில்லை. ஆயினும், ஒருவர் உழைத்து ஆக்கியதை இன்னொருவர் தமதென்று காட்டுவது இழிசெயல் என்னும் அறவுணர்வும், அச்செயலைக் கண்டறிவதற்கான நுட்பங்களும் அச்சு இயந்திரத்தின் வரவுக்காகக் காத்திருக்கவில்லை. கையெழுத்துப் பிரதிகளால் வளர்ந்த இஸ்லாமிய நாகரிகம் அவ்விரண்டையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெற்றிருந்தது.

அவ்வரலாற்றை இன்று நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. மின்னூல், மென்பொருள், ஒலிநூல், காணொளிப் பாடம், ஹதீஸ் தரவுத்தளம் என அறிவு இப்போது இலக்க வடிவில் உலவுகிறது. பல்லாண்டு உழைத்து மொழிபெயர்த்த ஒரு நூல் வெளிவந்த சில நாள்களிலேயே அதன் பக்கங்கள் படமெடுக்கப்பட்டு இலவசக் கோப்பாக இணையத்தில் பரவிவிடுகிறது. பரப்புவோருள் பலர் தொழுகையாளிகள். நன்மை நாடியே செய்வதாக நம்புகிறவர்கள். “மார்க்கக் கல்விக்கு விலையா?” என்பது அவர்கள் எழுப்பும் வினா. அவ்வினாவுக்கு விடை தேடுவோர், நம் முன்னோர் நூலை எவ்வாறு மதித்தனர், எவற்றை உரிமையெனக் கருதினர் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஹுஜ்வீரி அவர்கள் எழுதிய முன்னுரை

லாகூரில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி அலீ இப்னு உஸ்மான் அல்ஹுஜ்வீரி (ரஹ்) அவர்கள் கி.பி. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள். பாரசீக மொழியில் தஸவ்வுஃப் பற்றி எழுந்த மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகிய ‘கஷ்ஃபுல் மஹ்ஜூப்’ அவர்களின் ஆக்கம். அந்நூலின் தொடக்கத்திலேயே அவர்கள் தம் பெயரைப் பொறித்தார்கள். அவ்வாறு செய்ததற்கான காரணத்தையும் அவர்களே விளக்கியிருக்கிறார்கள்.

அவர்களது கவிதைத் தொகுப்பை ஒருவர் இரவல் வாங்கிச் சென்றார். அதற்கு வேறு படி இல்லை. வாங்கிச் சென்றவர் முகப்பிலிருந்த ஆசிரியர் பெயரை நீக்கிவிட்டு அதனைத் தம்முடையதாக உலவவிட்டார். பின்னர் ‘மின்ஹாஜுத்தீன்’ என்று அவர்கள் இயற்றிய நூலுக்கும் இதே கதி நேர்ந்தது. பெயரை அழித்த மற்றொருவர் அந்நூலைத் தாமே இயற்றியதாகக் கூறிக்கொண்டார். இருமுறை பறிகொடுத்த பின்பே ஹுஜ்வீரி அவர்கள் தம் பெயரை நூலின் உடலுக்குள் வைத்துத் தைத்தார்கள். அத்துடன், பெயர் பொறிப்பது புகழுக்காக அன்று. படிப்போர் ஆசிரியரை அறிந்து நூலைக் கவனத்துடன் அணுகவும், அவருக்காக துஆச் செய்யவும் வேண்டும் என்பதற்காகவே எனவும் விளக்கினார்கள்.

இச்செய்தியில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. ஒன்று, பெயர் அழிக்கப்படுவதை ஒரு பெரும் ஸூஃபியும் இழப்பாகவே கருதினார். உலகப் பற்றைத் துறந்தவர் என்பதற்காக அநீதியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. மற்றொன்று, முகப்பில் மட்டும் உள்ள பெயரை நீக்குவது எளிது என்பதைக் கண்டு, எளிதில் பிரிக்க இயலாத இடத்தில் அதனை அமைத்தார். கஸல் கவிஞர் இறுதி ஈரடியில் தம் புனைபெயரைப் பதிப்பதும், நம் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்களில் குணங்குடியின் பெயர் ஊடாடி வருவதும் இவ்வகையில் எண்ணத்தக்கவை. பாட்டோடு பெயரும் பயணம் செய்யும். இன்று மின்னணுக் கோப்புகளில் கண்ணுக்குத் தெரியாமல் பொதியப்படும் ‘நீர்க்குறி’யின் நோக்கமும் இதுவே.

வர்ராக்கீன் கடைத்தெருவில்

அப்பாஸிய பக்தாதில் காகிதம் மலிந்தபோது ‘வர்ராக்’ எனப்படும் நூல்வணிகர்கள் பெருகினர். படியெடுத்தல், சரிபார்த்தல், கட்டமைத்தல், விற்றல் ஆகிய அனைத்தும் அவர்கள் தொழில். நூல் பெருகியதோடு போலியும் பெருகியது. புகழ்பெற்றோர் பெயரால் நூல் எழுதி விற்பதும், பிறர் நூலைத் தம் பெயரால் வெளியிடுவதும் அங்கு நடந்தன.

பேரறிஞர் ஜாஹிழ் (மறைவு கி.பி. 868/869) இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறார். தம் பெயரால் எழுதிய சிறந்த நூல்களைப் பொறாமையாளர் குறைகூறினர் என்றும், அவற்றிலும் தாழ்ந்த நூல்களை எழுதி இப்னுல் முகஃப்பஉ போன்ற முன்னோர் பெயரால் வெளியிட்டபோது அதே மனிதர்கள் அவற்றைப் போற்றிப் படியெடுத்துக்கொண்டனர் என்றும் அவர் எழுதுகிறார். பெயருக்கு இருந்த சந்தை மதிப்பை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது.

இச்சூழலில்தான் வர்ராக்காகிய இப்னுந் நதீம், ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் மாபெரும் நூற்பட்டியலைத் தொகுத்தார். எந்த நூல் யாருடையது, எது ஐயத்திற்குரியது என்று குறிப்பது அதன் பணிகளுள் ஒன்று. அரசவை அறிஞரும் சதுரங்க வல்லுநருமாகிய அபூபக்ர் அஸ்ஸூலியின் ‘கிதாபுல் அவ்ராக்’ பற்றி எழுதும்போது, அது மர்ஸதீ என்பவரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்று அவர் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டுகிறார். அதற்கு அவர் காட்டும் சான்று வதந்தியன்று. மர்ஸதீயின் மூலநூற்படியை, அதுவும் ஸூலியின் சொந்த நூலகத்திலிருந்து வெளிவந்த படியை, தாமே கண்டதாகப் பதிவுசெய்கிறார். மூலத்தையும் நகலையும் அருகருகே வைத்து, மூலம் நகலெடுத்தவர் கைக்கு எட்டியது என்பதையும் நிறுவும் இம்முறையே இன்றைய பதிப்புரிமை வழக்குகளிலும் பயன்படுகிறது.

ஹரீரியின் படிகள்

நூலின் தூய்மையைக் காக்க நம் மரபு கண்ட வலிமையான கருவி, ஹதீஸ் கலை தந்த இஸ்னாத். செய்தியைக் கூறுபவர் அது யார் வழி தமக்கு வந்தது என்பதையும் கூறவேண்டும். இவ்வொழுங்கு ஹதீஸுக்கு அப்பாலும் பரவி, நூல் கற்பிக்கும் முறையாயிற்று. ஆசிரியர் முன்னிலையில் நூல் முழுவதும் வாசிக்கப்படும்; கேட்டோர் பெயர், நாள், இடம் ஆகியன படியின் ஓரத்திலோ இறுதியிலோ எழுதப்படும். இதற்கு ஸமாஉச் சான்று என்று பெயர். அதன்பின் அதனைக் கற்பிக்கும் அனுமதியாகிய இஜாஸா வழங்கப்படும்.

பஸ்ராவின் ஹரீரி (கி.பி. 1054–1122) இயற்றிய ‘மகாமாத்’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தம் வாழ்நாளிலேயே 700 படிகளுக்கு அவர் ஒப்புதல் அளித்ததாகக் கூறப்படுகிறது. ஹிஜ்ரி 504ஆம் ஆண்டுக்குரிய ஒரு படி கெய்ரோவில் பாதுகாக்கப்பட்டுள்ளது. பக்தாதில் ஆசிரியர் முன்னிலையில் அது வாசிக்கப்பட்டதற்கான சான்றும், செவிமடுத்த அறிஞர்களின் நீண்ட பெயர்ப்பட்டியலும் அதில் உள்ளன. எந்தப் படி ஆசிரியரின் ஒப்புதல் பெற்றது, எது பெறாதது என்று பிரித்தறிய வாசகருக்கு இவ்வாறு வழி இருந்தது.

ஆயினும் அந்த ஹரீரியே களவுக் குற்றச்சாட்டிலிருந்து தப்பவில்லை. இப்னு கல்லிகான் தரும் செய்தி இது. நாற்பது மகாமாக்களுடன் ஹரீரி பக்தாத் வந்தபோது, அவை பஸ்ராவில் இறந்த ஒரு மேற்றிசை அறிஞரின் தாள்கள் என்றும், அவை இவர் கையில் சிக்கின என்றும் சிலர் பழித்தனர். வஸீர் அவரைத் திவானுக்கு அழைத்து, குறிப்பிட்ட ஒரு பொருள்பற்றி உடனே எழுதுமாறு பணித்தார். மைக்கூடும் தாளும் எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கிய ஹரீரிக்கு நெடுநேரமாகியும் ஒரு வரியும் வரவில்லை. வெட்கத்துடன் எழுந்து சென்றார். ஊர் திரும்பியபின் மேலும் பத்து மகாமாக்களை எழுதியனுப்பி, அவையின் அச்சத்தால் அன்று நா எழவில்லை என்று தெரிவித்தார். ஐம்பது மகாமாக்கள் கொண்ட நூல் இவ்வாறு நிறைவெய்தியது.

களவைத் தேடும் ஆர்வம் உண்மையான படைப்பாளியையும் காயப்படுத்தக்கூடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஓர் எச்சரிக்கை. சான்றின்றிக் குற்றஞ்சாட்டுவதும் அநீதியே.

மூடிய கதவின் முன்

மம்லூக்கு காலத்துக் கெய்ரோவில் இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்) (கி.பி. 1445–1505) அவர்கள் இவ்விஷயத்தில் கடுமையானவர்கள். தம் நூலைக் களவாடிய ஒருவரை எதிர்த்து, நூலாசிரியனையும் திருடனையும் வேறுபடுத்திக் காட்டும் பொருளில் தலைப்பிட்டு ‘அல்ஃபாரிக் பைனல் முஸன்னிஃபி வஸ்ஸாரிக்’ என்னும் தனிநூலையே அவர்கள் எழுதினார்கள்.

ஸஹீஹுல் புகாரியின் விரிவுரையாளரான இமாம் கஸ்தல்லானி (ரஹ்) அவர்களுடன் ஏற்பட்ட வழக்கு புகழ்பெற்றது. தம் நூல்களிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்த இடத்தைக் கூறாமல் விடுகிறார் என்று ஸுயூத்தி அவர்கள் ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரி (ரஹ்) அவர்களிடம் முறையிட்டார்கள். சான்று கேட்கப்பட்டபோது, கஸ்தல்லானி அவர்கள் பைஹகீயை மேற்கோள் காட்டும் இடங்களைச் சுட்டினார்கள்: பைஹகீ எழுதிய பல நூல்களுள் எந்த நூலிலிருந்து இதனை எடுத்தார் என்று அவர் கூறட்டும். கஸ்தல்லானி அவர்களால் கூற இயலவில்லை. பைஹகீயிடமிருந்து ஸுயூத்தி எடுத்துரைத்ததாக எழுதியிருக்க வேண்டும்; நேரே பைஹகீயைப் பார்த்ததுபோல் எழுதியது தவறு என்பதே வழக்கின் சாரம். பொருளிழப்பு பற்றி அங்குப் பேச்சே எழவில்லை. அறிவு வந்த வழியை மறைத்ததே குற்றமாயிற்று.

பின்னர் கஸ்தல்லானி அவர்கள் கெய்ரோவிலிருந்து ரவ்ளா தீவுக்கு, வெறுங்காலுடனும் தலைப்பாகையின்றியும் நடந்துசென்று ஸுயூத்தி அவர்களின் கதவைத் தட்டினார்கள். தங்கள் மனம் பொருந்த வேண்டி வந்துள்ளேன் என்றார்கள். மனம் பொருந்திவிட்டது என்று உள்ளிருந்தே விடை வந்தது. கதவு திறக்கப்படவில்லை என்கிறது வரலாறு.

ஒன்றையும் மறைத்தல் ஆகாது. பிறர் நூல்களை எடுத்துச் சிறிது மாற்றித் தம்முடையதாக்கினார் என்ற அதே குற்றச்சாட்டை ஸுயூத்தி அவர்கள்மீது அவர்களின் சமகாலத்தவரான ஸகாவீ சுமத்தியுள்ளார். தொகுப்பு நூல்கள் மலிந்த காலத்தில் எங்கே கடன் முடிகிறது, எங்கே களவு தொடங்குகிறது என்பது எளிய வினாவன்று. அதனால்தான் இலக்கியத் திறனாய்வாளர் ‘ஸரிகாத்’ என்னும் தனித்துறையையே வளர்த்தனர். அபூதம்மாமையும் புஹ்துரீயையும் ஒப்பிட்ட ஆமிதீ போன்றோர், பொதுவான கருத்துகள் எவருக்கும் தனியுடைமையல்ல. ஒரு கவிஞன் புதிதாகக் கண்ட கற்பனையையும் அதற்கு அவன் தந்த சொல்வடிவையும் எடுப்பதே களவு என்று வகுத்தனர். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, வெளிப்பாட்டு வடிவத்திற்கே உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் கூறிய நெறியும் இதற்கு அணுக்கமானதே.

அச்சு வந்தபின்

கைப்பிரதி உலகில் படியெடுத்தல் ஒரு சேவை. எழுதுகூலி எழுத்தனுக்கு உரியது. நூலாசிரியர் வாழ்வு கொடையாலும் பதவியாலும் நடந்தது. சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் தம் புரவலரான அபுல்காசிம் மரைக்காயரை நன்றியுடன் பாடியிருப்பதன் பின்னணி இது. ஓலைச்சுவடிகளில் வழங்கிவந்த அக்காப்பியத்தை 1842இல் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அச்சேற்றியபோது, சுவடிகளைத் தேடி ஒப்பிட்டவரின் உழைப்பு என்னும் புதிய பொருள் நம் சமூகத்தின் முன் வந்தது.

உஸ்மானியப் பேரரசில் இப்ராஹீம் முதஃபர்ரிகா 1727இல் ஷைகுல் இஸ்லாமின் ஃபத்வாவுடனும் சுல்தானின் ஆணையுடனும் அச்சகம் தொடங்கினார். கற்றறிந்தோர் பிழைதிருத்த வேண்டும் என்பது அந்த அனுமதியோடு இணைந்த நிபந்தனை. 1729இல் வான்குலு அகராதி வெளிவந்தது. 1857இல் வந்த விதிகள் நூலாசிரியருக்கு வாழ்நாள் உரிமையை ஏற்றன. 1910இல் முழுமையான நூலாசிரியர் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் 1847ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி, 1914, 1957 என்று சட்டங்கள் வளர்ந்தன. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் கணினி நிரல்களையும் பதிப்புரிமைக்குள் கொணர்ந்தது.

ஃபிக்ஹ் அறிஞர்களின் விவாதம்

பெயருரிமையில் எக்காலத்தும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. செய்யாததற்குப் புகழ்பெற விரும்புவோரைத் திருக்குர்ஆன் ஆல இம்ரான் அத்தியாயத்தில் கண்டிக்கிறது. தமக்கு அளிக்கப்படாததைப் பெற்றதாகக் காட்டிக்கொள்பவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொய்யாடை அணிந்தவருக்கு ஒப்பிட்டார்கள். பொருளுரிமையில்தான் விவாதம் எழுந்தது.

ஹனஃபீ மத்ஹபின் பழைய விளக்கப்படி ‘மால்’ என்பது சேமித்து வைக்கத்தக்க பருப்பொருள். வெறும் உரிமையை விற்க இயலாது. கல்வி ஓர் இபாதத். அதை மறைத்தல் கடும் எச்சரிக்கைக்குரியது. நூலை விலைகொடுத்து வாங்கியவர் தம் உடைமையை விரும்பியவாறு பயன்படுத்தலாம் என்பன மறுத்தோரின் வாதங்கள். துணைக்கண்டத்தின் பேரறிஞர் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் மறுத்தோருள் ஒருவர். அவர்களின் மகனார் முஃப்தி தகீ உஸ்மானி அவர்களோ உரிமையை ஏற்றார்கள். எவரும் எட்டாததை முதலில் எட்டியவருக்கே அது உரியது என்னும் கருத்துள்ள அபூதாவூதின் ஹதீஸும், சட்டப் பதிவினால் அவ்வுரிமை வணிக வழக்கில் உடைமைபோல் கைமாறும் நிலையும் அவர்களின் ஆதாரங்களுள் அடங்கும். தந்தையின் தீர்ப்பை மகன் மரியாதையுடன் மறுபரிசீலனை செய்தது நம் ஃபிக்ஹ் மரபின் உயிர்த்துடிப்புக்குச் சான்று. ஷாஃபிஈ உள்ளிட்ட ஏனைய மத்ஹபுகள் பயன்களையும் உடைமையாக ஏற்பதால் அங்கு இத்தடை குறைவு.

1986இல் மக்காவின் ராபித்தா ஃபிக்ஹ் மன்றமும், 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகமும் இவ்விஷயத்தில் முடிவெடுத்தன. நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப்பெயர் ஆகியவை உரியவரின் தனியுரிமைகள், நடைமுறை வழக்கில் பொருள்மதிப்புள்ளவை, ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறுதல் கூடாது என்பது குவைத் கழகத்தின் 43ஆம் தீர்மானம். உரிமையாளர் தடுத்துள்ள கணினி நிரல்களை அவர் அனுமதியின்றிப் படியெடுக்கக் கூடாது என்று சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வாக் குழுவும் கூறியது. சொந்தப் பயனுக்கு ஒருபடி எடுப்பதைச் சிலர் விதிவிலக்காக்கினர். பரப்புவதும் விற்பதும் அவ்விலக்கில் சேரா.

“கல்வியை மறைக்கலாமா?” என்ற வினாவுக்கும் இங்கு விடையுண்டு. விற்பனைக்கு வெளியிடப்பட்ட நூல் மறைக்கப்பட்ட நூல் ஆகாது. நாணயத்தைக் கையில் பெற்றவர் அதைச் செலவழிக்கலாம். அதைப்போல் அச்சடிக்க இயலாது.

இலக்க யுகத்தின் சோதனை

2005இல் வெளிவந்த ‘அல்மக்தபத்துஷ் ஷாமிலா’ என்னும் இலவச மென்பொருள் ஆயிரக்கணக்கான அரபு நூல்களை மதரஸா மாணவனின் கணினிக்குக் கொணர்ந்தது. அது செய்த தொண்டு அளவிடற்கரியது. எனினும், அந்நூல்களின் மூல ஆசிரியர்கள் நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்தவர்களாயினும், சுவடிகளை ஒப்பிட்டு அடிக்குறிப்பு எழுதிய முஹக்கிக்குகள் நம் காலத்தவர். அவர்களின் குறிப்புகளும் சேர்ந்தே வந்தன. நூலின் வாக்கியத்தை வெட்டியெடுத்து ஒட்டுபவர் அச்சுநூலைக் கண்டதுபோல் பக்க எண் தருகிறார். பைஹகீயைக் காணாமல் பைஹகீ பெயரை எழுதிய அதே பிழை, இப்போது விசையின் ஒரு தட்டலில் நிகழ்கிறது.

1996இல் கையெழுத்தான உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பதிப்புரிமை உடன்படிக்கை, கோப்பிலுள்ள உரிமைத் தகவலை நீக்குவதையும் தடுத்தது. இந்தியா 2018இல் அதில் இணைந்தது. அதற்கு முன்பே, 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் 65அ, 65ஆ ஆகிய பிரிவுகளைச் சேர்த்திருந்தது. முன்னது, உரிமையை மீறும் நோக்குடன் மின்பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. பின்னது, ஆசிரியர் பெயர் போன்ற உரிமைத் தகவலை அறிந்தே அழிப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. ஹுஜ்வீரி அவர்களின் முகப்பைச் சிதைத்தவர் இன்று இப்பிரிவின் எல்லைக்குள் வருவார்.

பாதுகாப்பை நாடும் எழுத்தாளரும் பதிப்பாளரும் முன்னோர் முறைகளை இன்றைய கருவிகளால் செய்துகொள்ளலாம். ஸமாஉச் சான்றுக்கு இணையாக, நாளிட்ட வரைவுகளையும் மூலக்கோப்புகளையும் பேணுதல் வேண்டும். கோப்பிலிருந்து கணிக்கப்படும் எண்முத்திரை, ஓரெழுத்து மாறினும் மாறிவிடும். அம்முத்திரையைப் பதிந்து வைத்தால் மூலம் எது என்பதை நிறுவலாம். பதிப்புரிமை பெறப் பதிவு கட்டாயமில்லை. ஆயினும் பதிவேடு நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாகும். களவுப்படியைத் தேக்கி வைத்திருக்கும் இணைய நிறுவனத்திற்கு எழுத்துமூலம் முறையிட்டால், 52ஆம் பிரிவின்படி அது 21 நாள் அணுக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை பெறுதல் உரிமையாளர் பொறுப்பு. பூட்டுகளை மட்டும் நம்புதல் பயன் தராது. கண்ணால் காணத்தக்கதைப் படியெடுக்கவும் இயலும்; கடும்பூட்டு களவாளியைவிட நேர்மையாக வாங்கியவரையே மிகுதியும் வருத்தும்.

இலவசமாக வழங்க விரும்புவோருக்கும் நம் மரபில் செம்மையான வழி உண்டு. அதுவே வக்ஃப். பழைய நூலகங்களின் படிகளில் விற்கவும் கொடையளிக்கவும் கூடாது என்று வக்ஃபுக் குறிப்பு எழுதப்பட்டிருக்கும். வாகிஃபின் நிபந்தனை பேணப்பட வேண்டும் என்பது சட்டநெறி. பெயர் குறிப்பிட்டுப் பகிரலாம், விற்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளுடன் இன்று வழங்கும் பொது உரிமங்கள் இதற்கு நெருங்கிய உறவுடையவை. ஆனால் வக்ஃபுக்கு முதல் நிபந்தனை, கொடுப்பவர் அப்பொருளின் உடைமையாளராக இருத்தல். பிறர் உடைமையை எவரும் வக்ஃபு செய்ய இயலாது. ஒரு மொழிபெயர்ப்பாளர் பல ஆண்டு உழைப்பைத் தாமே அல்லாஹ்வுக்காக அளித்தால் அது ஸதகா ஜாரியா. அவரைக் கேளாமல் இன்னொருவர் அதை அள்ளி வழங்கினால், வாரி வழங்கியவரின் கை ஈரமாகலாம். கொடுக்கப்பட்டது அவருடைய நீரன்று.

தமிழில் மார்க்க நூல் எழுதுவோரும் பதிப்பிப்போரும் சிலரே. அவர்கள் அடுத்த நூலை எழுத இயலுமா என்பதை, முதல் நூலுக்கு நாம் செய்யும் நீதியே தீர்மானிக்கும். இஸ்னாதை உலகுக்குக் கற்பித்த சமூகம், ஒரு கோப்பைப் பகிரும் முன் அது யாருடையது, எவ்வழியாக வந்தது, அனுமதி உண்டா என்று கேட்கப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. தன் மரபை நினைவுகூர்ந்தாலே போதும்.